முதல் ஐந்நூறு மைல்

சென்னை சென்ட்ரலுக்குப் பக்கத்தில், பல்லவன் சாலையில் பாடிகாட் முனீஸ்வரர் கோயில் இருக்கிறது. புதுக் கார், புது பைக், புது ஆட்டோ எதை வாங்கினாலும் வண்டியை அங்கே கொண்டுபோய் நிறுத்துகிறவர்கள் ஏராளம். முகப்பில் மாலை, கண்ணாடியில் சந்தனம் குங்குமம், சக்கரத்துக்கு ஒன்றாக நாலு எலுமிச்சம்பழம். பூஜை முடிந்ததும் வண்டி மெல்ல முன்னால் உருளும். பழங்கள் நசுங்கும். திருஷ்டி கழிந்தது, இனி வண்டி ரோட்டுக்கு வரலாம்.

அதே காரின் டேஷ்போர்டு அறையில் பாலிதீன் உறை பிரிக்காமல் ஒரு புத்தகம் கிடக்கும். அதிலும் ஒரு சடங்கு எழுதியிருக்கிறது. முதல் ஆயிரம் கிலோமீட்டருக்கு வண்டியை விரட்டாதீர்கள், ஒரே வேகத்தில் நெடுநேரம் ஓட்டாதீர்கள், அளவுக்கு மீறிச் சுமை ஏற்றாதீர்கள், குறித்த நாளில் முதல் சர்வீஸுக்கு வந்துவிடுங்கள். ஏறத்தாழ எல்லா கம்பெனிகளும் இதை ஏதோ ஒரு வடிவில் சொல்கின்றன. எலுமிச்சம்பழத்தை மறக்காதவர்களில் எத்தனை பேர் அந்தப் புத்தகத்தைப் பிரித்திருப்பார்கள் என்பது வேறு விஷயம்.

இதில் யோசிக்கவேண்டிய இடம் ஒன்று உண்டு. காஸ்ட் அக்கவுண்டிங் படித்தவர்களுக்குத் தெரியும்: தொழிற்சாலைக்குள் பாதியில் இருப்பது 'வொர்க்-இன்-பிராக்ரஸ்', வேலை முடிந்து கிடங்குக்குப் போவது 'ஃபினிஷ்ட் குட்ஸ்'. ஷோரூமில் நிற்கும் கார் எந்தக் கணக்கில் வரும்? முழு விலையும் கொடுத்தாயிற்று. ஆனாலும் "இன்னும் கொஞ்சம் வேலை பாக்கி, அதை நீங்களே பக்குவமாக ஓட்டி முடித்துக்கொள்ளுங்கள்" என்கிறார் தயாரித்தவர். மிக்ஸியோ ஃபேனோ விற்கிறவர் இப்படிச் சொன்னால் சும்மா விடுவோமா? காருக்கு மட்டும் நூறு வருஷத்துக்கும் மேலாக இது செல்லுபடியாகி வந்திருக்கிறது. அந்தப் பாக்கி வேலையை யார் செய்தார்கள், செலவை யார் ஏற்றார்கள் என்று தேடிப்போனால், கார் தொழிலின் சரித்திரமே வேறொரு பக்கத்திலிருந்து தெரிகிறது.

முதலில் அந்தப் பாக்கி வேலை என்ன என்று பார்த்துவிடலாம். புது ஆட்டுக்கல் வாங்கினால் நம் வீடுகளில் உடனே மாவு ஆட்டமாட்டார்கள். தவிட்டைப் போட்டு அரைத்து, கொட்டி, கழுவி, மறுபடி அரைத்து, கல்லுப்பொடி வருவது நின்றபிறகுதான் அரிசி போடுவார்கள். தோசைக்கல்லையும் இப்படித்தான் 'பழக்குவார்கள்'. என்ஜினிலும் அதே கதைதான். பிஸ்டன் மேலும் கீழும் போய்வரும் சிலிண்டரின் உட்சுவர் கண்ணுக்கு வழவழப்பாகத் தெரியும். ஆனால் அதில் குறுக்கும் நெடுக்குமாக நுண்ணிய கோடுகளை வேண்டுமென்றே போட்டிருப்பார்கள். அந்தக் கோடுகளின் பள்ளத்தில் ஆயில் தங்கும், மேடுகளில் பிஸ்டன் ரிங் உரசும். உரச உரச மேடுகள் தேய்ந்து, ரிங்கும் சுவரும் ஒன்றுக்கொன்று பொருந்திவிடும். நம் மெக்கானிக்குகள் 'ரிங் செட்டாகிறது' என்று சொல்வது இதைத்தான்.

இந்தப் பொருத்தம் சரியாக அமையாவிட்டால் வெடித்த வாயு ரிங்கைத் தாண்டிக் கீழே கசியும், ஆயில் மேலே ஏறி எரியும், பின்னால் நீலப் புகை வரும். எடுத்த எடுப்பில் விரட்டினால் மேடுகள் சூடேறி ஆயில் படலம் அறுந்து இரும்பு இரும்பைக் கவ்விக்கொள்ளும். அதற்குப் பயந்து ஒரேயடியாக ஊர்ந்தாலும் ஆபத்துதான். ரிங்குக்குப் பின்னால் போதிய அழுத்தம் கிடைக்காமல், சுவரில் கண்ணாடி மாதிரி ஒரு பளபளப்பு ஏறி, ரிங் செட்டாகாமலே போய்விடும். ஆக, விரட்டவும் கூடாது, தாலாட்டவும் கூடாது. உரசலில் உதிரும் இரும்புத்தூள் ஆயிலில் கலப்பதால்தான் முதல் ஆயிலைச் சீக்கிரமே கொட்டச் சொன்னார்கள். ஆட்டுக்கல்லின் முதல் தவிடு ஞாபகம் வருகிறதா?

கார்கள் பிறந்த காலத்தில் இந்த வேலை ஒரு பிரச்சினையாகவே தெரியவில்லை. காரணம், கார் முழுக்கவே கையால் பொருத்தப்பட்டது. எந்த இரண்டு பாகமும் ஒரே அளவில் இருக்காது. பொருத்துகிறவர் கையில் அரம் இருக்கும். ராவி, வைத்துப் பார்த்து, மறுபடி ராவி உள்ளே இறக்குவார். 1908-ல் இங்கிலாந்தின் புரூக்லேண்ட்ஸ் பந்தயத் தடத்தில் நடந்த ஒரு சோதனை அதனால்தான் பெரிய பேச்சானது. ராயல் ஆட்டோமொபைல் கிளப்பின் மேற்பார்வையில் மூன்று கேடிலாக் கார்களை முழுவதும் பிரித்துப்போட்டு, பாகங்களை ஒன்றோடொன்று கலந்து, சாதாரண ஸ்பேனரும் ஸ்க்ரூடிரைவரும் மட்டும் வைத்து மறுபடி மூன்று கார்களாகப் பூட்டினார்கள். அரத்துக்கு அனுமதி இல்லை. மூன்றும் கிளம்பி 500 மைல் ஓடின! கேடிலாக்குக்கு டிவார் கோப்பை கிடைத்தது. ஒரே அளவில் பாகம் செய்யமுடியும் என்பதற்கு அன்றைக்கு அது பெரிய சாட்சி.

இன்னொரு பக்கம் ரோல்ஸ்ராய்ஸ் மாதிரியான கம்பெனிகள். வாங்குகிறவர் பிரபு, விலையும் பிரபு விலை. எனவே என்ஜினைத் தொழிற்சாலையிலேயே ஓடவிட்டு, பிறகு மேல்கூடு இல்லாத வெறும் சட்டத்தை ரோட்டில் ஓட்டிப் பார்த்து, அதன்பிறகுதான் கூடு கட்டுகிறவரிடம் அனுப்புவார்கள். விமான என்ஜின்களுக்கும் இதே நியாயம். முதல் ஐந்நூறு மைல் மெதுவாகப் பறந்துகொள்ளுங்கள் என்று எந்த பைலட்டிடமும் சொல்லமுடியாது அல்லவா? அவற்றை மேடையில் மணிக்கணக்கில் ஓட்டி, பிரித்துச் சோதித்து, மறுபடி பூட்டி, மறுபடி ஓட்டிய பிறகே அனுப்பினார்கள். அதாவது இதைத் தொழிற்சாலையில் செய்யவே முடியாது என்பதில்லை. பணம் கொடுப்பவர் கொடுத்தால் செய்தார்கள்.

அந்தச் செலவைச் சாதாரண மனிதனின் கார் தாங்குமா? இங்கேதான் ஹென்றி ஃபோர்டு வருகிறார். அவருடைய மாடல் டி 1908-ல் வந்தபோது 850 டாலர். 1913-ல் ஹைலேண்ட் பார்க் தொழிற்சாலையில் நகரும் அசெம்பிளி லைன் வந்தபின் விலை இறங்கிக்கொண்டே போய் 1925-ல் 290 டாலருக்கு வந்தது. அந்த வருஷம் ஒரே நாளில் ஒன்பதாயிரத்துக்கும் மேல் கார் செய்த நாளும் உண்டு. ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். ஒவ்வொரு என்ஜினையும் மணிக்கு 30 மைல் வீதம் 500 மைலுக்குச் சமமாக ஓட்டிவிட்டுத்தான் விற்பது என்று ஃபோர்டு முடிவு செய்திருந்தால், ஓர் என்ஜினுக்கு ஏறக்குறைய 17 மணி நேரம். நாளுக்கு 9,000 என்ஜின் என்றால் இரவு பகலாக ஆறாயிரத்துச் சொச்சம் சோதனை மேடைகள் ஓடிக்கொண்டே இருக்கவேண்டும். காலனுக்கு 20 மைல் என்று தாராளமாக வைத்துக்கொண்டாலும் தினமும் இரண்டேகால் லட்சம் காலன் பெட்ரோல் வெறும் புகையாகப் போகும். 290 டாலர் கார் அங்கேயே செத்தது.

ஃபோர்டு கண்டுபிடித்த குறுக்குவழி புத்திசாலித்தனமானது. பெட்ரோலே ஊற்றாமல், என்ஜினை ஒரு மின்மோட்டாரில் இணைத்துச் சுற்றவிட்டார்கள். அதில் பேரிங்குகள் ஓரளவு இடம்பிடித்துக்கொள்ளும். மிச்சத்துக்கு? வாங்கியவர் இருக்கிறாரே! மாடல் டி-யுடன் கொடுத்த புத்தகத்திலேயே, புதுக் காருக்கு முதல் சில நாட்கள் கூடுதல் கவனம் தேவை, ஆரம்பத்தில் மெதுவாக ஓட்டப்படும் கார்தான் கடைசிவரை நன்றாக உழைக்கும் என்கிற உபதேசம் வந்துவிட்டது. ஆறாயிரம் சோதனை மேடைகளுக்குப் பதிலாக அமெரிக்காவின் மண் ரோடுகள். சம்பளம் இல்லாத லட்சக்கணக்கான சோதனை ஓட்டுநர்கள், பெட்ரோலும் அவர்கள் செலவு. ஏமாற்று என்று சொல்லிவிடமுடியாது. விலை குறைந்ததில் அவர்களுக்கும் பங்கு இருந்தது. ஆனால் அந்தப் பேரம் யாரும் கையெழுத்துப் போடாத பேரம்.

பெயின்ட் மட்டும் எதிர்த்திசையில் போனது. குதிரை வண்டிக் காலத்து வார்னிஷை ஒன்றன்மேல் ஒன்றாகப் பூசி ஒவ்வொன்றும் காயக் காத்திருந்தால் வாரக்கணக்கில் ஆகும். காய்ந்தபிறகும் சேறு, வெயில் எல்லாவற்றுக்கும் அது வாடும். 1914 முதல் 1925 வரை மாடல் டி கறுப்பில் மட்டுமே வந்த கதை பிரபலம். 1923-ல் டூபாண்ட் கம்பெனியின் டூகோ பூச்சு ஜெனரல் மோட்டார்ஸின் ஓக்லேண்ட் கார்களில் நீல நிறத்தில் இறங்கியது. தெளித்தால் மணிக்கணக்கில் காய்ந்தது. வாரக்கணக்கில் பணத்தை முடக்கிவைத்துக் காத்திருந்த செலவு அப்படித் தொழிற்சாலைக்கு மிச்சமானது. வாங்கியவருக்குப் பல வண்ணங்கள் கிடைத்தன, கூடவே மெழுகு போட்டுத் துடைக்கிற ஞாயிற்றுக்கிழமை வேலையும்.

என்ஜினைப் பழக்குவதை ஒரு பண்பாடாகவே ஆக்கியவர்கள் பிரிட்டிஷ்காரர்கள். இரண்டாம் உலகப்போர் முடிந்து நாடு கடனில் மூழ்கிக்கிடந்த நேரம். டாலர் வேண்டும் என்பதற்காகக் கார்களைக் கப்பலேற்றினார்கள். உள்ளூர்க்காரர் காசோடு வரிசையில் நின்றார். புதுக் காரை வாங்கிய மறுநாளே கூடுதல் விலைக்கு விற்றுவிடலாம் என்ற நிலை. அதைத் தடுக்க, குறிப்பிட்ட காலத்துக்குள் விற்கமாட்டேன் என்று வாங்குகிறவரிடம் ஒப்பந்தம் எழுதி வாங்கினார்கள் கார் வியாபாரிகள் சங்கத்தார். (இந்த இடத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், இதே படம் பிற்பாடு இந்தியாவில் மறுபடி ஓடும்.)

அப்படித் தவமிருந்து வாங்கிய காரை யாராவது விரட்டுவார்களா? பின்கண்ணாடியில் ஓர் அறிவிப்பை ஒட்டிக்கொண்டு ஊர்ந்தார்கள்: வண்டி பழகிக்கொண்டிருக்கிறது, தயவுசெய்து தாண்டிப் போங்கள். 1950களிலும் 60களிலும் பிரிட்டனின் ரோடுகளில் இது சர்வசாதாரணம். பின்னால் வருகிறவரிடம் மன்னிப்பும் கேட்கிறது, 'நம்மது புத்தம்புதுசு' என்று பெருமையும் அடித்துக்கொள்கிறது. ஒரே சீட்டில் இரண்டு வேலை. ஐந்நூறு மைல் முடிந்ததும் கராஜுக்குப் போனால் ஆயில் மாற்றி, சிலிண்டர் ஹெட் நட்டுகளை மறுபடி இறுக்கி, டேப்பெட் இடைவெளி சரிபார்த்துக் கொடுப்பார்கள். ஹெட் நட்டை ஏன் மறுபடி இறுக்கவேண்டும்? சூடேறி ஆறி, சூடேறி ஆறி, இடையில் இருக்கும் கேஸ்கட் அமுங்கி, நட்டுகள் தளர்ந்திருக்கும். அன்றைய கார் உண்மையிலேயே பாதி சமைந்த சோறுதான். 1959 நவம்பரில் எம்-1 நெடுஞ்சாலை திறந்தபோது அதில் வேகக் கட்டுப்பாடே கிடையாது. அதுவரை ஊர் ரோட்டில் பழகிய கார்களை ஆசையோடு அழுத்திப் பார்த்தவர்கள் பலர், ரேடியேட்டர் கொதித்து ஓரத்தில் நின்றார்கள்.

என்ஜின் புகை தள்ளினால் ஆயில் செலவு, அவ்வளவுதான். ஆனால் முதல் ஐந்நூறு மைலுக்குள் உயிர் போகிற மாதிரி ஏதாவது நடந்தால்? அமெரிக்காவில் அந்தக் கேள்வி கோர்ட்டுக்கே போனது. 1955 மே மாதம் நியூ ஜெர்சியில் ஒருவர் தன் மனைவிக்கு அன்னையர் தினப் பரிசாக ஒரு புது பிளிமத் கார் வாங்கினார். டெலிவரி எடுத்துப் பத்தே நாள். மனைவி ஓட்டிக்கொண்டு போகிறார், வேகமும் மணிக்கு 20 மைலைச் சற்றே தாண்டியதுதான். முன்பக்கம் அடியிலிருந்து ஏதோ உடைந்த மாதிரி பெரிய சத்தம். ஸ்டீயரிங் அவர் கையிலேயே சுழன்றது. கார் வலப்பக்கம் திரும்பிச் செங்கல் சுவரில் மோதியது. மீட்டர் காட்டியது 468 மைல்.

கம்பெனி காட்டியது, வாங்கும்போது கையெழுத்துப் போட்ட தாளின் பின்பக்கத்துப் பொடி எழுத்தை. 90 நாள் அல்லது 4,000 மைல், எது முந்தியோ அதுவரை கெட்டுப்போன பாகத்தை மாற்றித் தருவோம், வேறு எந்தப் பொறுப்பும் எங்களுக்கு இல்லை. முன்பக்கம் நொறுங்கிப் போனதால் எந்தப் பாகம் முதலில் உடைந்தது என்று நிரூபிக்கவும் வழியில்லை. 1960-ல் நியூ ஜெர்சி உச்ச நீதிமன்றம் அந்தப் பொடி எழுத்து செல்லாது என்று தீர்ப்பளித்தது. 'ஹென்னிங்சன் எதிர் புளூம்ஃபீல்ட் மோட்டார்ஸ்' என்று சட்டப் புத்தகங்களில் இன்றைக்கும் படிக்கிற வழக்கு. நீதிபதிகள் சொன்ன காரணம் முக்கியமானது. பெரிய கம்பெனிகள் எல்லாம் ஒரே சங்கம் வகுத்த ஒரே வாரன்ட்டித் தாளைத்தான் நீட்டுகின்றன. பிடிக்காவிட்டால் வேறு கடைக்குப் போ என்று சொல்லமுடியாது, வேறு கடையிலும் அதே தாள்தான். பேரம் பேச இடமே இல்லாத இடத்தில் கையெழுத்தை சம்மதம் என்று எப்படி எடுத்துக்கொள்வது? அதே 1960-ன் கடைசியிலிருந்து அமெரிக்க கார்களின் வாரன்ட்டி 12 மாதம் அல்லது 12,000 மைலாக நீண்டது. 1963 மாடல்களுக்குக் கிரைஸ்லர் 5 வருஷம், 50,000 மைல் என்று என்ஜின் முதலிய ஓட்டும் பாகங்களுக்கு அறிவித்து மற்றவர்களைத் திணறடித்தது.

வேறு கடையிலும் அதே தாள் என்பது அமெரிக்காவின் நிலை. அதே வருஷங்களில் இந்தியாவில் வேறு கடை என்பதே அபூர்வம்.

1928 முதல் பம்பாயில் கார்களைப் பூட்டி விற்றுவந்த ஜெனரல் மோட்டார்ஸும், சென்னை உள்பட சில ஊர்களில் அதே வேலையைச் செய்த ஃபோர்டும் 1950களின் நடுவில் கடையைக் கட்டின. வெறுமனே பூட்டி விற்பவர்கள் வேண்டாம், உள்நாட்டிலேயே பாகங்களைச் செய்பவர்கள்தான் வேண்டும் என்பது அரசின் கொள்கை. மிஞ்சியவர்கள் மூவர். கல்கத்தாவுக்குப் பக்கத்தில் உத்தர்பாராவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ், பம்பாய் குர்லாவில் பிரீமியர், சென்னையில் வண்டலூருக்குப் பக்கத்தில் ஸ்டாண்டர்டு மோட்டார்ஸ். முதலாமவர் பிரிட்டனின் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசையை அம்பாசிடர் ஆக்கினார். இரண்டாமவர் ஃபியட் 1100-ஐ எடுத்துக்கொண்டார், அது 1970களில் பிரீமியர் பத்மினி ஆனது. மூன்றாமவரின் பேர்பெற்ற வண்டி 1961-ல் வந்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு.

இறக்குமதியானது டிசைன் மட்டுமல்ல. மெதுவாக ஓட்டு, ஆயிலைக் கொட்டு, ஹெட் நட்டை இறுக்கு என்கிற அந்த பிரிட்டிஷ் சடங்கும் சேர்ந்தே வந்தது. பிரிட்டனில் அது பத்துப் பதினைந்து வருஷங்களில் மெல்ல மறைந்தது, அடுத்தடுத்த மாடல்கள் வந்தன, எந்திரங்கள் மாறின. இங்கே மாடல் மாறவில்லை. 1950களின் அம்பாசிடர் உருவத்தில் பெரிய மாற்றமில்லாமல் 2014 மே வரை உத்தர்பாராவிலிருந்து வந்துகொண்டே இருந்தது. பல வருஷம் ஓடித் தேய்ந்த எந்திரங்களில் வார்த்து, கடைந்து, பூட்டிய வண்டிக்கு முதல் ஐந்நூறு மைலில் வேலை அதிகம்தான் இருக்கும்.

வாங்குவதற்கு வரிசை. முன்பணம் கட்டி, ஆண்டுக்கணக்கில் காத்திருந்து, தாத்தா பதிவு செய்து அப்பா டெலிவரி எடுத்தார் என்று கேலி பேசுகிற அளவுக்கு நீண்ட வரிசை. அரசு ஒதுக்கீட்டுக்குத் தனி வரிசை. பிரிட்டனில் பார்த்த படம் இங்கே மறுபடி ஓடியது: வாங்கிய காரை உடனே விற்றால் லாபம். 1959-ன் கார் வினியோகக் கட்டுப்பாட்டு ஆணை இப்படி மறுவிற்பனை செய்வதற்கும் கடிவாளம் போட்டது. 1969-ல் விலையையும் அரசே சட்டபூர்வமாக நிர்ணயித்தது. கம்பெனிகள் உச்ச நீதிமன்றம் போயின, விலையை ஆராய ஓர் ஆணையம் அமைக்கப்பட்டது, 1971-ல் தீர்ப்பு வந்தது. விலைக்கு ஆணையம் என்றால் தரத்துக்கு? 1960களின் பிற்பகுதியில் புதுக் கார்களின் தரத்தைப் பற்றிப் புகார்கள் குவிந்து, அதை விசாரிக்க அரசே ஒரு குழுவைப் போட்டது. புதுக் காரைப் பற்றி!

இந்தச் சூழ்நிலையில் டெலிவரி எடுத்தவர் என்ன செய்வார்? ஷோரூமிலிருந்து கோயிலுக்கு, கோயிலிலிருந்து நேராகத் தெரிந்த மெக்கானிக்கிடம். நட்டு போல்ட்டெல்லாம் ஒருமுறை இறுக்கி, கதவுகளைச் சரியாகச் சாத்துகிற மாதிரி நிமிர்த்தி, தண்ணீர் ஒழுகும் ரப்பரை மாற்றி, ஆயிலைக் கொட்டி, கிரீஸ் அடித்து, பாயின்ட் இடைவெளி பார்த்து... தொழிற்சாலை விட்ட இடத்திலிருந்து தெருமுனை ஒர்க்‌ஷாப் தொடர்ந்தது. அதன் செலவு எந்தக் கம்பெனியின் லாப நஷ்டக் கணக்கிலும் ஏறவில்லை. அரசு நிர்ணயித்த விலையிலும் அது இல்லை. விலையைக் கட்டிப்போட்டால் தரத்தில் கைவைப்பார்கள் என்பது எகனாமிக்ஸ் முதல் வருஷப் பாடம். போட்டியும் இல்லாதபோது கைவைத்தவரைக் கேட்க யார் இருக்கிறார்கள்?

அதனாலேயே இந்தியர்கள் காரைப் பேணிய விதமும் தனி. சீட்டின் பிளாஸ்டிக் உறையைக் கிழிக்காமல் வருஷக்கணக்கில் வைத்திருப்பது, இரவில் துணி போட்டு மூடுவது, காலையில் ஈரத்துணியால் துடைக்காமல் வண்டியை எடுக்காதது. வெளிநாட்டுக்காரருக்கு இது கஞ்சத்தனமாகத் தோன்றலாம். இன்னொரு கார் வாங்க இன்னொரு பத்து வருஷம் வரிசையில் நிற்கவேண்டும் என்று தெரிந்தவர் செய்கிற காரியம் அது. ஆனாலும் அந்த பிளாஸ்டிக் உறையில் சென்னை வெயிலில் உட்கார்ந்து எழுந்தவர்களுக்குத்தான் அதன் கொடுமை தெரியும்!

வரிசை கலைந்தது 1983-ல். மாருதி உத்யோக், ஜப்பானின் சுஸுகியோடு சேர்ந்து சின்னக் கார் கொண்டுவரப்போவதாகச் சொன்னதும் பத்தாயிரம் ரூபாய் முன்பணம் கட்டிப் பதிவு செய்தவர்கள் ஒரு லட்சத்துக்கும் மேல். 1983 டிசம்பர் 14 அன்று குர்கான் தொழிற்சாலையில் பிரதமர் இந்திரா காந்தி முதல் காரின் சாவியை டெல்லியைச் சேர்ந்த ஹர்பால் சிங் என்பவரிடம் கொடுத்தார். குலுக்கலில் அவர் பேர் வந்திருந்தது. 796 சி.சி., மூன்று சிலிண்டர், முன்சக்கரம் இழுக்கும் வண்டி. ரன்னிங்-இன் விதிகள் அதற்கும் இருந்தன. மெக்கானிக்கிடம் நேராக ஓட்டிக்கொண்டு போகவேண்டிய அவசியம்தான் இல்லாமல் போனது. கதவு சாத்தினால் சாத்திக்கொண்டது. அம்பாசிடர்க்காரருக்கு அதுவே அதிசயம்.

மூன்றே வருஷத்தில் 1986-ன் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வந்து, புதுக் காரில் குறையிருந்தால் மாவட்ட மன்றத்தில் முறையிட வழி கிடைத்தது. அதன் இடத்துக்கு வந்த 2019-ன் சட்டம், குறையுள்ள பொருளால் ஏற்படும் பாதிப்புக்குத் தயாரிப்பாளர் பொறுப்பு என்று தனி அத்தியாயமே எழுதியது. 468 மைலில் சுவரில் மோதிய அந்த அமெரிக்கப் பெண்மணி கேட்ட கேள்விக்கு இந்தியச் சட்டப் புத்தகத்தில் அவ்வளவு தெளிவாக இடம் கிடைக்க அறுபது வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கிறது.

என்ஜினுக்குள்ளும் கணக்கு மாறிவிட்டது. சிலிண்டர் சுவரில் கோடு போட்டபிறகு அதன் மேடுகளின் நுனியை மட்டும் தொழிற்சாலையிலேயே சீவிவிடுகிறார்கள். 'பிளேட்டோ ஹோனிங்' என்று பேர். பழைய காரில் ஐந்நூறு மைல் உரசி நடந்த வேலையில் பெரும்பகுதி இப்போது கல்லால் சில விநாடிகளில் முடிகிறது. பூட்டி முடித்த என்ஜினைப் பெட்ரோல் ஊற்றாமலே மின்மோட்டாரில் சுற்றவிட்டு, அழுத்தம், அதிர்வு, சுழற்ற ஆகும் விசை எல்லாவற்றையும் சென்சார்களால் அளக்கும் 'கோல்டு டெஸ்ட்' முறை பல தொழிற்சாலைகளில் இருக்கிறது. மின்மோட்டார் அதேதான், ஹைலேண்ட் பார்க்கில் சுற்றியது. அன்றைக்கு அது என்ஜினைப் பழக்கியது, இன்றைக்குப் பரிட்சை வைக்கிறது.

அப்படியானால் அந்தப் புத்தகத்தை மூடிவிடலாமா? கூடாது. ரிங் இன்னும் கொஞ்சம் உரசத்தான் செய்யும். புது பிரேக் பேடு டிஸ்க்கோடு முழுமையாகப் பொருந்தச் சில நூறு கிலோமீட்டர் ஆகும், அதுவரை பிரேக் முழு பலத்தோடு பிடிக்காது. புது டயரின் மேல் அச்சிலிருந்து வந்த வழவழப்பு தேயும்வரை மழை ரோட்டில் கவனம் வேண்டும். ரிங்கும் சிலிண்டருமே இல்லாத மின்கார்களுக்கும் இந்தக் கடைசி இரண்டும் பொருந்தும். முதல் சர்வீஸை இலவசம் என்று சொன்னாலும் பெரும்பாலும் கூலிதான் இலவசம், ஆயில் மாற்றினால் அதற்குக் காசு உண்டு. பில்லைப் பார்த்து அதிர்ச்சி அடையவேண்டாம்.

ஹர்பால் சிங் 2010-ல் காலமானார். கடைசிவரை அந்த முதல் மாருதியை அவர் விற்கவே இல்லை. அவர் போனபிறகு டெல்லியில் வீட்டு வாசலிலேயே வெயிலிலும் மழையிலும் நின்று கார் துருப்பிடித்தது. தரையெல்லாம் அரித்துப்போன அதன் படங்கள் இணையத்தில் சுற்றிவந்தன. பின்னர் கம்பெனியே அதை எடுத்துப்போய், துருவை நீக்கி, பாகங்களைத் தேடிப் பொருத்தி, பழைய வெள்ளை நிறத்திலேயே புதுசாக்கித் தன் தலைமை அலுவலகத்தில் நிறுத்திவைத்தது. நம்பர் பிளேட் அதேதான், டிஐஏ 6479.